குலுக்கம் தின்ற சைக்கிள்

மலை ஏறுகிற பஸ் பதினோராவது தடவையாகத் தலையைத் திருப்புகிற இடத்தில், ரோட்டுக்காரர்கள் நட்டுவைத்த மஞ்சள் பலகையின் எண்ணையே தன் பேராக எடுத்துக்கொண்டு, பதினொண்ணு என்று எங்கள் ஊர் இருந்தது. மேலே தேயிலை, கீழே பள்ளம், நடுவில் ஒரு வரிசை ஓட்டு வீடு, வீடுகளின் தலைமாட்டில் சவேரியார் கோயில், ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒற்றைப் பாறைமேல் ஏறி உட்கார்ந்த பள்ளிக்கூடம், அவ்வளவுதான் ஊர். அந்த ஊரில் பிரகாசி என்கிற மருமகள் நாட்டுக்கோழி வளர்த்து, முட்டைகளைக் கூடையில் வைக்கோலுக்கு நடுவே அடுக்கி, விடுதியில் தங்கிப்போன யாரோ வேண்டாமென்று விட்டுப்போன மலைச்சைக்கிளின் பின்னால் கட்டி, தேயிலைக்குள் இறங்குகிற கல்லுப்பாதை வழியாகவே பள்ளத்தைத் தாண்டி அந்த விடுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வருவாள். மாமியார் மரியசெல்வம் முழங்கால் போட்ட இடத்தில் கோயில் தரை தேயும் அளவுக்கு வேண்டிய பிறகு, வெகுகாலம் கழித்து பிரகாசி உண்டானாள்.

"இனிமே அந்தச் சைக்கிளைத் தொடாதம்மா," என்றாள் மரியசெல்வம். "வயித்துப்பிள்ளைக்குக் குலுக்கம் ஆகாது."

"முட்டையே உடையாம கொண்டுபோறேன், அத்தை. பிள்ளைக்கு என்ன ஆகும்?"

"முட்டைக்குக் கூடையில வைக்கோல் இருக்கு. உன் வயித்துல என்ன இருக்கு?"

"நேத்து வச்ச கருவாட்டுக் குழம்பு," என்றான் பிரகாசியின் புருஷன் தனிஸ்லாஸ். ஜீப் ஓட்டுகிறவன், எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பான்.

பிரகாசி சிரித்தாள். ஆனால் வைக்கோல் என்ற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருந்தது விறைத்த இரும்பு போர்க். கல்லில் சக்கரம் ஏறினால் அந்த அடி அப்படியே கைக்கு வரும், கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து வயிற்றுக்கு. அதைக் கழற்றிவிட்டு, உள்ளே ஸ்பிரிங் வைத்து அமுங்கி எழும்புகிற போர்க்கை மாட்டினால் சைக்கிளுக்கே வைக்கோல் வைத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்து, பஸ் கண்டக்டர் காலடியில் கிடந்து ஏறி வந்தது.

"சாக்குக்குள்ள சாக்கப்சர்," என்றான் தனிஸ்லாஸ், சுற்றியிருந்த கோணியைப் பிரித்தபடி. "மாட்டத் தெரியுமா உனக்கு?"

"கழட்டத் தெரிஞ்சா மாட்டத் தெரியாதா? கழட்டுற வரிசையைத் திருப்பிப் போட்டா மாட்டுற வரிசை."

கோழிக்கூட்டுக்கு முன்னால் கோணியை விரித்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, அவளே கழற்றினாள். முதலில் பிரேக், பிறகு முன்சக்கரம், பிறகு ஹேண்டில்பாரின் உச்சந்தலையில் இருக்கிற மூடித் திருகு. அதை எடுத்துவிட்டு, கழுத்தை இறுக்கிய போல்ட்டுகளைத் தளர்த்தியதும் பழைய போர்க், காம்பு கழன்ற கத்தரிக்காய் மாதிரி, பேரிங்கோடு கீழே இறங்கி வந்தது. அதன் அடிக்கழுத்தில் ஒரு வளையம் இறுகிப்போய்க் கிடந்தது. அந்த வளையத்தை மறந்தவர்கள் எல்லாத்தையும் பூட்டிய பிறகு திரும்ப அவிழ்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். திருப்புளியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்து, புதுப் போர்க்கின் கழுத்தில் ஏற்றி, தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை மேலே கவிழ்த்து அடித்து இறக்கினாள். புதுசின் கழுத்துத் தண்டு நீளமாக இருந்தது. பழையதைப் பக்கத்தில் படுக்கவைத்துக் கோடு போட்டு, தனிஸ்லாஸ் பிடித்துக்கொள்ள, ரம்பத்தால் அறுத்தாள். பேரிங்குக்குக் கிரீஸ் தடவி, தண்டை நுழைத்து, தலைத்திருகை இறுக்கி, சக்கரத்தையும் பிரேக்கையும் பூட்டி, முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். ஆட்டம் இல்லை. பழைய போர்க்கைத் துடைத்துக் கோழிக்கூட்டின் மேலே போட்டாள்.

புதுப் போர்க்கை அமுக்கினால் மட்டும் கிறீச்சென்றது. எண்ணெய் வற்றிக் கிடந்தது. மரியசெல்வம் உள்ளே போய், சவேரியார் விளக்கிலிருந்து கொண்டுவந்து மாடத்தில் வைத்திருந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து, "இதை ஊத்தும்மா," என்றாள். ஊற்றினார்கள். போர்க்கின் ஒரு காலின் அடியில் ஒரு சிவப்புத் திருகு இருந்தது. ஒரு பக்கம் முயல் படம், ஒரு பக்கம் ஆமைப் படம்.

"இது எதுக்கு?"

"அமுங்கின போர்க் எவ்வளவு வேகத்துல எழும்பணும்னு சொல்றது, அத்தை."

"ஆமைப் பக்கமே திருப்பு. முயல்னா துள்ளும். பிள்ளைத்தாய்ச்சி பொம்பளைக்கு எதுக்குத் துள்ளல்?"

மாமியார் சொல்கிறாளே என்று பிரகாசி ஆமைப் பக்கம் திருப்பினாள், திருகு இனிமேல் திரும்பாது என்கிற மட்டும் திருப்பினாள். மரியசெல்வம் ஹேண்டில்பாரில் சிலுவை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தனக்கென்று எதையும் தனியாகக் கேட்டுப் பழகாதவள் கேட்கிற மாதிரி கேட்டாள்: "ஆண்டவரே, நம்ம யாருக்கும் ஒரு குலுக்கமும் வரவேண்டாம். எல்லாத்தையும் இது தாங்கட்டும்."

அன்றிலிருந்து பதினொண்ணில் குலுக்கம் இல்லாமல் போனது.

முதலில் கல்லுப்பாதைதான் மெத்தையானது. அதைப் பிரகாசி போர்க்கின் கைவேலை என்று நினைத்தாள். பிறகு, குழியும் கல்லுமான எங்கள் வளைவில் திரும்புகிற பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள் கம்பியைப் பிடிக்காமலே நின்றார்கள். பிறகு கோயில் பின்னாலிருந்த பலாமரத்திலிருந்து பழம் விழுந்தது, இலவம்பஞ்சு விழுகிற மாதிரி சத்தமில்லாமல் விழுந்து, பிளக்காமல் கிடந்தது. ஓடு மாற்ற ஏறியவன் சறுக்கி விழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, மீதி ஓட்டை மாற்ற ஏறினான். இடி இடித்தால் வெளிச்சம் மட்டும் வந்து போனது. ஒவ்வொன்றும் நடக்கும்போது சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளின் முன்பக்கம் ஒரு நூல் தாழ்ந்தது. தாழ்ந்தது எழும்பவில்லை.

நாங்கள் ஒருவரும் அதிசயப்படவில்லை. அதிசயமும் ஒரு குலுக்கம்தானே. மழை வந்தால் குடை பிடிக்கிற மாதிரி அதற்கும் ஒரு பழக்கம் உண்டாக்கிக்கொண்டோம். பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக் காகிதம் வாங்கப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், பிரகாசி வீட்டு வழியாகப் போய் ஹேண்டில்பாரை ஒரு தடவை அமுக்கிவிட்டுப் போனார்கள். "அமுக்கிட்டியா?" என்பது நலம் விசாரிக்கிற வார்த்தை ஆனது. உபதேசியார் சூசைமாணிக்கம், சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் சொல்கிறவர், ஹேண்டில்பாருக்குக் கனகாம்பரம் கட்டினார்.

எமரன்சியாவின் மகன் லியோன், இந்த வேண்டுதலுக்கு முன்பே வேலைக்குப் போய்விட்ட திருப்பூரில், ரோட்டில் அடிபட்டுச் செத்த செய்தி வந்தபோது, அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டாள். "எத்தனை மணிக்குக் கொண்டாருவாங்க?" என்றாள். பிறகு மீதி மாவை வழித்து வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கு என்று இன்னொரு படி அரிசி ஊறப்போட்டாள். எவ்வளவு தைரியம் பாருங்கள் என்று பேசிக்கொண்டோம். சைக்கிள் அன்றைக்கு இரண்டு விரல் தாழ்ந்தது.

கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் போனோம். மெழுகுவர்த்தி ஏற்றினோம், சாம்பிராணி போட்டோம். ஒருவர் கண்ணிலும் தண்ணீர் இல்லை. எமரன்சியா மகனுடைய புதுமண்ணின் மேல் உட்கார்ந்து, பக்கத்துக் கல்லறைக்காரர்களோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே முறுக்கு தின்றாள்.

மலை பிளந்தது அந்த மழையில்தான். கோயிலுக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவே, தலையில் வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு விழுந்தது. முதலில் அது காலால் மூடுகிற அளவு இருந்தது, பிறகு தாண்டுகிற அளவு, பிறகு உபதேசியார் அதன்மேல் பலகை போட்டார், பிள்ளைகள் பலகையில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். பார்க்க வந்த அதிகாரி பத்தாம் வளைவு வரைக்கும் வேர்த்து விறுவிறுத்து வந்து, பதினொண்ணில் இறங்கியதும் முகம் தெளிந்து, பிளவின் ஓரத்தில் நின்று டீ குடித்துவிட்டு, நல்ல காற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரகாசியின் கோழி அடையில் உட்கார்ந்து நாள் கடந்துகொண்டிருந்தது.

உடையாத முட்டை நல்லதுதான் என்று தொடக்கத்தில் சந்தோஷப்பட்ட விடுதிச் சமையல்காரர்கள், சட்டி விளிம்பில் எவ்வளவு தட்டியும் உடையாத முட்டைகளைக் கூடை கூடையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடைக்கு வைத்தவையும் அப்படியே கிடந்தன. பிரகாசி ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே டொக், டொக் என்று குஞ்சு ஓட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. தானே தட்டிப் பார்த்தாள், கல்லில் அடித்துப் பார்த்தாள், சுத்தியலால் அடித்தாள். சுத்தியல் தலையணையில் விழுந்தது போல விழுந்தது. சுவரோரம் சைக்கிள் இன்னும் ஒரு நூல் இறங்கியது. சாயங்காலம் காதில் வைத்தபோது அந்த முட்டைக்குள் சத்தம் இல்லை. மற்ற முட்டைகளில் மெலிசாகக் கேட்டது.

அவள் கையை வயிற்றின்மேல் வைத்தாள். அசைவு தெரியவேண்டிய மாதம் வந்து, அதுவும் கழிந்துகொண்டிருந்தது; வயிற்றுக்குள் ஒரு உதை இல்லை.

வாரம் ஒருமுறை அடிவாரத்திலிருந்து ஏறி வருகிற நர்ஸ் பல்கீஸ், கருவியை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பு இருக்கு, போன வாரத்தை விடக் கம்மி," என்று காய்கறி விலை சொல்கிற குரலில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். ஏழாம் வளைவிலிருந்து போன் வந்தது. குரல் ஆடியது. அப்படி ஆடுகிற குரலைப் பதினொண்ணில் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

"பிரகாசி, அங்க உக்காந்து நான் எப்படி அதைச் சாதாரணமா சொன்னேன்னு தெரியலம்மா. இங்க வந்ததும் கையெல்லாம் நடுங்குது. பிள்ளைக்கு உசுரு இறங்கிக்கிட்டே வருது. கேக்குதா? நீ ஏம்மா பதறமாட்டேங்குற?"

"கேக்குது, அக்கா," என்றாள் பிரகாசி. பதறவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது, குழம்பில் உப்பு இல்லை என்று நாக்கில் வைக்காமலே தெரிகிற மாதிரி. பயம் வரவில்லை. புத்தி இருந்தது. உதையும் ஒரு குலுக்கம். துடிப்பும் ஒரு குலுக்கம்.

டவுன் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தாள். அங்கேயும் உதை இல்லை; நம்ம என்று சொல்லி வேண்டியது, ஊரிலிருந்து கிளம்பினவள் எவ்வளவு தூரம் போனாலும் கூடவே வந்தது. திரும்பி வந்து, சிவப்புத் திருகை முயல் பக்கம் திருப்பினாள். அது சுற்றிச் சுற்றி வந்து கையோடு கழன்றது. போர்க்கின் பளபளப்பான கால்தண்டில் முன்பு ஒரு சாண் வெளியே தெரியும். இப்போது ஒரு விரல் தெரிந்தது. சைக்கிள், முழங்கால் போட்ட கிடா மாதிரி முன்னால் குனிந்து நின்றது.

"இதைக் கழட்டிட்டுப் பழசை மாட்டப்போறேன்," என்று ஊரைக் கூட்டிச் சொன்னாள்.

ஒருவரும் கோபப்படவில்லை. கோபம் வராத கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. எல்லாரும் சிரித்த முகமாகவே கூடாது என்றோம்.

உபதேசியார்தான் பேசினார். "உங்க அத்தை என்ன வேண்டினாங்க? 'நம்ம யாருக்கும்'னு வேண்டினாங்க. 'எங்க யாருக்கும்'னு வேண்டியிருந்தா அது உங்க வீட்டுச் சைக்கிள். 'நம்ம'ன்னு வாயால சொல்லியாச்சு. அப்ப இது ஊர்ப்பொது, தாயி."

"பிள்ளை எங்க பிள்ளை, உபதேசியாரே."

"எங்கன்னு பேசாத. நம்ம பிள்ளை. நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். கோயில் அப்போது ரோட்டுப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்ததற்கு ஏற்ற மாதிரி நாங்களும் தலையைச் சாய்த்து ஜெபம் சொல்லப் பழகியிருந்தோம்.

மறுநாள் காலையில் எமரன்சியா பிரகாசி வீட்டுக்கு வந்தாள். கோயில் கூட்டுகிறவள்; சாவி அவள் இடுப்பில்.

"நேத்து ஆட்டுக்குட்டி ஒண்ணு பிறந்துச்சு. அதுக்கு லியோன்னு பேர் வச்சுக் கூப்பிட்டேன்," என்றாள். "கூப்பிட்ட பிறகுதான் யோசிச்சேன், இந்தப் பேரை எங்க கேட்டோம்னு." சாவியை அவிழ்த்து வைத்தாள். "உனக்கு எப்ப வேணும்?"

மரியசெல்வம் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். தன் வாயிலிருந்து போன சொல்தான் இது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை, அதனால் கையால்தான் அடித்துக்கொள்ள முடிந்தது, அதுவும் வலிக்கவில்லை.

"கழட்டினா எல்லாம் திரும்ப வரும்," என்றாள். "அந்த மலையும் வரும். அதுக்குள்ள சனத்தைப் பாறை மேல ஏத்தணும். பயமில்லாத சனத்தை எப்படி நகத்துறது?"

"பசி இருக்குல்ல அம்மா," என்றான் தனிஸ்லாஸ்.

அப்படித்தான் ஞாயிறு மத்தியானத்துக்கு அசனம் என்று சொல்லிவிட்டார்கள். கோயில் பேரால் ஊருக்கே போடுகிற சோற்றுக்கு அழைத்தால் எங்கள் சனத்தில் வராதவர்கள் கிடையாது. படுக்கையில் கிடந்தவர்களைத் தனிஸ்லாஸ் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினான், ஆடுமாடுகளை இலை தின்னட்டும் என்று ஓட்டி வந்தோம். பள்ளிக்கூட மைதானத்தில் பாறைமேல் அண்டாக்கள் கொதித்தன. ஆட்டுக்கறி, பருப்பு, சோறு. உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்ததும் முதல் பந்தி உட்கார்ந்தது. அண்டாக்களுக்குப் பின்னால், அடைக்கோழியின் கூடைக்குப் பக்கத்தில் பிரகாசி கோணியை விரித்து, பழைய போர்க்கை அதில் எடுத்து வைத்தாள். கோயிலைத் திறந்து உருட்டி வந்த சைக்கிளை எமரன்சியா பிடித்துக்கொண்டாள்.

பிரேக், சக்கரம், மூடித் திருகு. கழுத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தியும் போர்க் இறங்கவில்லை. ஊரின் இடி, ஊரின் சாவு, ஊரின் பயம் எல்லாம் உள்ளே அமுங்கி, கால்தண்டு ஒரு மயிரிழைகூட வெளியே தெரியாமல், கல்லாகக் கனத்தது. எமரன்சியா ஹேண்டில்பாரைத் தூக்கிப் பிடிக்க, பிரகாசி மரக்கட்டையை வைத்து மேலிருந்து தட்டினாள்.

தட்டுகிற சத்தம் கேட்டு உபதேசியார் இலையிலிருந்து எழுந்து, எச்சில் கையோடு வந்தார். "என்ன தாயி இது, சோறு போட்டு ஏமாத்துறீங்க?"

"கறி வெந்திருக்கா, உபதேசியாரே?" என்றாள் மரியசெல்வம்.

"கறி வெந்திருக்கு. அதை விடுங்க." அவர் குனிந்து போர்க்கைப் பிடிக்கப் போனார். அப்போது அது இறங்கியது. அவர் கையிலேயே விழுந்திருக்கும். பிரகாசி காலால் அதைப் பாறையின் ஓரத்துக்கு உருட்டிவிட்டாள். வளையத்தைத் தட்டி எடுக்க மறக்கவில்லை அவள். பாறை விளிம்பில் அதைப் படுக்கவைத்துத் தட்டி, வளையத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, போர்க்கைத் தள்ளினாள். அது ரோட்டில் விழுந்து, ஊர்ப் பக்கம் உருண்டு, எங்கள் வீட்டு வரிசைக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

பழைய போர்க்கில் வளையத்தை அடித்து இறக்கினாள். தண்டை நுழைத்தாள். தலைத்திருகை இறுக்கினாள். முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"இதுக்குத்தானா?" என்று சிரித்தார் உபதேசியார். பந்தியும் சிரித்தது. இரண்டாம் தடவை பருப்பு கேட்டார்கள். ரோட்டில் கிடந்த போர்க் மெல்ல, ஆமை ஓட்டிலிருந்து தலை நீட்டுகிற மாதிரி, பளபளவென்று ஒரு விரல் நீண்டது.

கூடைக்குள் ஒரு முட்டை விரிசல் விட்டது. ஈரமான ஒரு குஞ்சு, தலையை வெளியே போட்டு, வாயைத் திறந்தது.

பிறகு கோயில் பின்னால் பலாப்பழங்கள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. ஓடு மாற்றியவன் இலையில் கை வைத்தபடியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அடங்கிப்போன இடிகள் வெயிலில் இடித்தன. எமரன்சியா ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, எதையோ தேடுகிறவள் போல மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, ஆட்டுக்குட்டியைப் பார்த்து, "லியோன்," என்றாள். சொன்ன வாய் மூடவில்லை. அவள் குரல் எழும்பியதும், இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பாக்கி அழுகை வந்து சேர்ந்தது. சோற்றில் கண்ணீர் விழ விழ, ஆள் ஆளைப் பிடித்துக்கொண்டோம். உபதேசியார் தான் பலகை போட்டு விளையாடவிட்ட பிள்ளைகளைப் பேர் சொல்லிச் சொல்லி எண்ணினார். ஒரு பேரை விட்டுவிட்டோமோ என்று திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

பிரகாசி அசையாமல் நின்றாள். பயம் அவளுக்குத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரே தடவையில் வந்தது, சேர்த்துவைத்த மாதங்கள் அத்தனைக்குமாக வந்தது. நிற்க முடியாமல் சைக்கிளைப் பிடித்தாள். விறைத்த போர்க், அவள் நடுக்கத்தை அப்படியே அவள் கைக்குத் திருப்பிக் கொடுத்தது. வயிற்றுக்குள் ஒன்றுமில்லை. தனிஸ்லாஸ் அவள் முகத்தைப் பார்த்தான்.

"வா," என்றாள் பிரகாசி வயிற்றைப் பார்த்து. "வா சாமி. உதை."

கூடையில் இரண்டாவது குஞ்சு வந்தது. மூன்றாவது வந்தது. நான்காவது முட்டை அசையாமல் கிடந்தது.

உதை வந்தது. விலாவுக்குக் கீழே, மூச்சு நின்றுபோகிற மாதிரி ஒரே உதை. அவள் வலியில் மடங்கி, மாமியாரின் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். மரியசெல்வத்தின் உள்ளங்கையில் இன்னொரு உதை விழுந்தது.

அப்போதுதான் ரோட்டில் கிடந்த போர்க் கடைசி நூலையும் நீட்டி, முழுசாக நிமிர்ந்தது. எங்கள் காலுக்குக் கீழே பாறை, பெரிய மிருகம் ஒன்று தோலைச் சிலிர்க்கிற மாதிரி, ஒரு தடவை சிலிர்த்தது. தலையைத் தூக்கிப் பார்த்தோம். மேலே தேயிலை வரிசைகள், நின்ற நிலையிலேயே, நெருக்கமாக, வரிசை கலையாமல், கோயிலைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தன.

மரியசெல்வம் மருமகள் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, நம்ம," என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். பிறகு இந்தத் தடவை எதையும் கேட்காமல், "நாங்க இங்க இருக்கோம்," என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். மலை இறங்குகிற சத்தத்தில் எங்களில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை.